ஸுரையாவும் ஹைதராபாத் தகடுகளும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் கீரனூரும், அதற்கு அண்மையில் குளத்தூரும் உள்ளன. இன்று சிற்றூராகவே காட்சி தரும் குளத்தூர், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரை ஈந்த ஊராகும். ஆலங்குடியும் திருமயமும் ஏனைய இரண்டு. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர் குளங்களையும் குன்றுகளையும் கோயிற் கல்வெட்டுகளையும் எழுதுவர். தலைக்கு மேலுள்ள வானத்தை எவரும் எழுதுவதில்லை. நாம் ஈண்டு எழுதப் புகுவது அவ்வானத்தைப் பற்றியே.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பத்தரைப் பாகையில் அமைந்தது குளத்தூர். ஆகவே வடதுருவ மீன் இங்கு அடிவானத்துக்கு மேல் பத்தரைப் பாகையிலேயே தங்கிவிடுகிறது. தெற்கு வானமோ பெரும்பாலும் திறந்து கிடக்கிறது. இலண்டனிலும் பாரிஸிலும் ஆயுள் முழுதும் அமர்ந்து நோக்கினாலும் காண இயலாத மாபெரும் விண்மீன் கொத்தாகிய ஒமேகா சென்டாரி, சித்திரை வைகாசி இரவுகளில் இங்கே தென்வானில் முப்பது பாகைக்கு மேல் ஏறி நிற்கும். கார்த்திகையில் வடவானில் ஆண்ட்ரோமிடா அண்டம் தோன்றும். தை மாதத்தில் தென் அடிவானத்தை ஒட்டிப் பெரிய மெகல்லன் முகிலும் தலைகாட்டும். வானத்தின் இரு பாதிகளும் வாய்த்த ஊர்கள் உலகில் பலவல்ல.

இப்பகுதியின் வானை நோக்கி உலகின் கண்கள் ஒருமுறை திரும்பியதுண்டு. 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மேற்குக் கடற்கரையில் பேக்கல் கோட்டையருகே கரையேறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் நோக்கி ஓடியது. இங்கிலாந்திலிருந்து நார்மன் லாக்கியரின் தலைமையில் வந்த குழுவினர் வழிநெடுகப் பிரிந்து தங்கினர். அவர்களுள் இத்தாலிய வானியலறிஞர் ரெஸ்பிகியும், ஆங்கில ஓவியர் ஹென்றி ஹாலிடேயும் புதுக்கோட்டைக்கு வந்தனர். நகருக்கு அண்மையிலுள்ள குளத்தூரும் அந்நிழலுக்குத் தப்பியிருக்க இயலாது.

ஓவியரை எதற்காகக் கடல் கடந்து அழைத்து வந்தனர் என வாசகர்கள் வினவலாம். விடை எளிது. கருத்த சூரியனைச் சுற்றி முத்து நிறத்தில் விரியும் ஒளிவட்டம் இரண்டு நிமிடமே நிற்கும். அதனைக் கண்டு கையால் வரைந்து கொள்வதே அதுகாறும் வழக்கம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நின்று வரைந்த இருவர் படங்களும் ஒத்திருப்பதில்லை! ஒருவர் நான்கு கதிர்களைக் காண்பார். மற்றவர் முழு வட்டத்தைக் காண்பார். ஆகவே அவ்வொளி சூரியனுக்கே உரியதா, அன்றி நம் காற்று மண்டலத்தில் தோன்றும் மயக்கமா என்ற ஐயம் நீண்டகாலம் நிலவியது. அந்த டிசம்பர் காலையில் பேக்கலில் டேவிஸ் என்பவர் ஐந்து ஒளிப்படங்களை எடுத்தார். தொட்டபெட்டா மலையில் டென்னண்ட் குழுவினர் ஆறு எடுத்தனர். இரண்டு இடங்களிலும் காற்று வேறு, உயரம் வேறு, நேரமும் சற்றே வேறு. எனினும் படங்களை அருகருகே வைத்து நோக்கியபோது ஒளிவட்டத்தின் பிளவுகளும் கதிர்களும் ஒன்றாகவே இருந்தன. ஐயம் அகன்றது. கை தீர்க்காத வழக்கைக் கண்ணாடித் தகடு தீர்த்துவைத்தது.

ஆயினும் 1871-இன் தகடு ஒளிமிக்க பொருள்களையே பிடிக்க வல்லது. அது ஈரத்தகடு, இரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். சில நிமிடங்களுக்கு மேல் அது தாங்காது. மங்கலான வான்முகில்களோ மணிக்கணக்கான பொறுமையைக் கேட்பவை. ஜெலட்டின் பூசிய உலர்தகடு வந்த பின்னரே அது கைகூடியது. 1880 செப்டம்பரில் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர், ஓரியன் முகிலை ஐம்பது நிமிடம் போலத் தகட்டில் பதியவைத்துப் படமெடுத்தார். மூன்றாண்டுகளில் இங்கிலாந்தின் காமன் எடுத்த படத்திலோ, தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தவர் எவரும் கண்டிராத விண்மீன்கள் பதிந்திருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நலம். நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு கூறிலேயே பெற்றதைக் கண்டு கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. ஆகையால் ஒரு மணி நேரம் உற்று நோக்கினாலும் முதல் நிமிடத்தில் புலப்படாதது பெரும்பாலும் புலப்படாமலே போகும். தகட்டின் இயல்பு வேறு. துளித்துளியாக விழும் ஒளியை அது உண்டியலில் இடும் காசு போலச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. பூமி சுழல்வதால் விண்மீன் நகர்ந்துவிடாதபடி கடிகாரப் பொறி தொலைநோக்கியைத் திருப்பும். பொறியின் சிறு பிழைகளைத் திருத்த, வழிகாட்டி மீனொன்றைக் குறுக்குக் கம்பியினின்றும் விலகவிடாமல் ஒரு மனிதர் குளிரில் விழித்திருப்பார். படமெடுத்தது தகடு என்பர். உடம்பு நொந்தது அம்மனிதருக்கே.

தகட்டுக்கு முன்னர் இருந்தோரைக் குறைத்து மதிப்பிடுதல் நம் கருத்தன்று. ரய் நகரில் பிறந்து, அமீர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் ஆய்வு நிகழ்த்திய பேரறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, கி.பி. 964 அளவில் நிலைமீன்களைப் பற்றிய தம் நூலை இயற்றினார். கிரேக்கத் தாலமியின் பட்டியலை அப்படியே பெயர்த்தெழுதாமல், விண்மீன்களின் ஒளியளவைத் தம் கண்ணால் மதிப்பிட்டுத் திருத்தினார் என்பதே அவர்தம் பெருமை. ஒவ்வொரு விண்மீன் கூட்டத்துக்கும் இரண்டிரண்டு படங்கள் வரைந்தார்: வானில் நாம் காணுமாறு ஒன்று, வான்கோளத்தின் மேற்புறத்தில் பொறித்தால் தோன்றுமாறு மற்றொன்று. அந்நூலில், மீனின் வாயருகே ஒரு சிறு மேகம் உள்ளதென அவர் குறித்தார். ஆண்ட்ரோமிடா அண்டத்தைப் பற்றி நமக்குக் கிட்டியுள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறரை நூற்றாண்டுகள் முற்பட்டது அக்குறிப்பு.

மேடைகளில் அஸ்ஸூபியின் பெயரைக் கூறி மகிழ்வது நம்மவர்க்கு வழக்கமே, அது தகும். ஆனால் நம் நாட்டில், நம் பாட்டனார் காலத்தில், வானத்தின் ஒரு பகுதியை முழுமையாகப் படமெடுத்த முஸ்லிம் பிரபு ஒருவரின் நிலையத்தைப் பற்றி அதே மேடைகளில் ஒரு சொல்லும் கேட்பதரிது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பெருமை இனிக்கிறது. நூறாண்டுக்கு முந்திய உழைப்பு ஏனோ இனிப்பதில்லை.

அந்நிலையத்துக்குச் செல்லும் வழி கார்த்திகை விண்மீன் கொத்தின் ஊடாகவே செல்கிறது. அரபியர் அதனை ஸுரையா என்றனர். நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்மக்கள் இப்பெயர் பூண்டுள்ளனர். அது ஒரு விண்மீன் கொத்தின் பெயர் என்பதை அவர்களுள் சிலரேனும் அறியாமலிருக்கலாம். வெறுங்கண்ணுக்கு ஆறேழு மீன்களாகத் தோன்றும் இக்கொத்தை, 1885 நவம்பரில் பாரிஸ் வானாய்வகத்தின் ஹென்றி சகோதரர்கள் ஒளிப்படம் எடுத்தனர். மாயா என்னும் மீனைச் சுற்றித் தகட்டில் ஒரு மெல்லிய முகில் படிந்திருந்தது. அதுவரை எந்தத் தொலைநோக்கியிலும் எவர் கண்ணும் அதனைக் கண்டதில்லை. அச்சகோதரர்களின் படங்களால் ஊக்கமுற்ற பாரிஸ் வானாய்வகத் தலைவர் மூஷே, 1887-இல் பன்னாட்டு மாநாடு ஒன்றைக் கூட்டினார். வானம் முழுவதையும் இரண்டு பாகைக்கு இரண்டு பாகையாகச் சதுரம் சதுரமாகப் படமெடுப்பது, பதினொன்றாம் தரம் வரையுள்ள விண்மீன்களின் இடங்களை அளந்து அச்சிடுவது, அதனினும் மங்கலானவற்றுக்குத் தனி வரைபடம் வெளியிடுவது என முடிவாயிற்று. வானம் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டுப் பல நாட்டு வானாய்வகங்களுக்குப் பங்கிடப்பட்டது. முதற் பங்கீட்டில் இந்தியாவுக்கு இடமில்லை.

ஹைதராபாத் பிரபுக்களுள் ஒருவரான நவாப் ஸபர் ஜங், 1901-இல் தம் சொந்தப் பொருளில், பிஸல் பண்டா என்னுமிடத்திலிருந்த தம் இருப்பிடத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவினார். பதினைந்து அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கியையும், வானைப் படமெடுப்பதற்கென்றே அமைந்த எட்டு அங்குலக் கருவியையும் இங்கிலாந்திலிருந்து தருவித்தார். நிலையத்துக்கு நிஜாமின் பெயரைச் சூட்டவும், தமக்குப்பின் அரசே அதனை ஏற்கவும் வேண்டுகோள் விடுத்தார். 1907-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அரசு அதனை ஏற்றது. நிஜாமியா வானாய்வகம் பின்னர் பேகம்பேட்டையில் நிலைகொண்டது. இதற்கிடையே, சிலி நாட்டின் சாண்டியாகோ வானாய்வகம் தனக்கு ஒதுக்கப்பட்ட தென்வானப் பட்டையை நிறைவேற்றாமல் விட்டது. தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள அப்பட்டை ஹைதராபாதின் பங்காயிற்று.

1914-இல் படவேலை முறையாகத் தொடங்கியது. நவாப் கண்மூடி ஏழாண்டுகள் சென்றிருந்தன. பெரும்போர் மூண்ட ஆண்டும் அதுவே. வேலையை நடத்திய இயக்குநர் போக்காக், 1918-இல் இளவயதிலேயே மறைந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற டி. பி. பாஸ்கரன் 1944 வரை இருபத்தாறு ஆண்டுகள் அதனைச் சுமந்தார். 1919-இல் நிலையம் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. தென்பட்டை முடிந்ததும் ஓயவில்லை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நிறைவேற்றாமல் விட்ட பட்டையிலிருந்து வடக்கே 36 முதல் 39 பாகை வரையுள்ள பகுதியையும் ஹைதராபாதே ஏற்றது. மற்றவர் விட்டுச்சென்ற வேலையை இருமுறை இந்திய நிலையம் ஒன்று எடுத்து முடித்ததென்பது நோக்கற்பாலது.

வேலை என்றால் எத்தகைய வேலை! தகட்டின்மேல் மெல்லிய கட்டக் கோடுகள் பதிந்திருக்கும். உருப்பெருக்கியின்கீழ் ஒவ்வொரு விண்மீனையும் தேடி, அருகிலுள்ள கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறதென நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளந்து, ஒளியை மதிப்பிட்டு, ஏட்டில் எழுத வேண்டும். பின்னர் அடுத்த மீன். கணிப்பொறி இல்லாத காலம். இவ்வாறு அளக்கப்பட்டவை நான்கு இலட்சத்துக்கும் மேல். பன்னிரண்டு தொகுதிகள் அச்சாயின. அத்தொகுதிகளில் ஒன்றைப் புரட்டுபவர் கதையையோ படத்தையோ காணமாட்டார். பக்கம் பக்கமாக எண்களே. அந்நிலையத்தின் வடபட்டைக்குள் ஹெர்குலிஸ் கூட்டத்தின் புகழ்பெற்ற உருண்டை விண்மீன் கொத்து அடங்கியது. ஆண்ட்ரோமிடா அண்டமோ பட்டைக்கு இரண்டே பாகை வடக்கே நின்றுவிட்டது! அஸ்ஸூபியின் சிறு மேகம் நிஜாமியாவின் பங்கில் விழாமற்போனதை எண்ணுந்தோறும் நமக்குச் சற்றே ஏக்கந்தான்.

அந்த ஆண்ட்ரோமிடாவை வேறு தகடுகள் பிடித்தன. 1847-இல் அமெரிக்கரான ஜார்ஜ் பாண்ட் பெரிய தொலைநோக்கியில் நோக்கி, அதனூடே இரண்டு கருங்கோடுகள் நேராக ஓடுவதாக வரைந்திருந்தார். 1888 டிசம்பரில் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஒளிப்படத்தில் அவை கோடுகளாக இல்லை. சுழன்று விரியும் ஒளிவளையங்களின் இடைவெளிகளாக இருந்தன. 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், வில்சன் மலையின் நூறு அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த தகடொன்றில் ஒரு புதிய புள்ளியைக் கண்டார். திடீரெனத் தோன்றி மறையும் நோவா என்றே முதலில் குறித்தார். பின்னர் அதே இடத்தின் பழைய தகடுகளை எடுத்து ஒப்பிட்டபோது, அது ஒழுங்காக ஒளி ஏறியிறங்கும் விண்மீன் எனத் தெரிந்தது. முதற்குறிப்பை அடித்துவிட்டு மாறுமீன் என எழுதினார். அத்தகைய மீனின் துடிப்புக் காலத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கலாம். ஆண்ட்ரோமிடா ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள தனி அண்டம் என அவர் கணித்தார். இன்றைய கணக்கில் அது 25 இலட்சம் ஒளியாண்டு. பழைய தகடுகளை எவரேனும் குப்பையெனக் கழித்திருப்பின், அன்று ஒப்பிட ஒன்றும் இருந்திராது.

எனினும் ஹபிளின் காலத்திலேயே பட்டைப் படத்திட்டத்தைக் கண்டு இகழ்ந்தோர் பலர். உலகம் விண்மீன்களின் இயற்பியலையும் அண்டங்களின் ஓட்டத்தையும் ஆராயச் சென்றுவிட்டது. நீங்களோ இன்னும் புள்ளிகளை எண்ணிக் கொண்டிருக்கிறீர்கள் என்பதே அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பல வானாய்வகங்கள் தம் ஆற்றல் முழுவதையும் அதில் இழந்தன. வான வரைபடத்தின் ஒரு பகுதி வெளிவராமலே நின்றுபோயிற்று. அச்சான தொகுதிகள் நூலகங்களில் தூசி படிந்து கிடந்தன. ஹைதராபாத் தொகுதிகளும் அவற்றுள் அடக்கம்.

1989-இல் ஐரோப்பியர் ஹிப்பார்க்கஸ் என்னும் செயற்கைக்கோளை ஏவினர். 1993 வரை அது விண்மீன்களின் இடங்களை வியத்தகு நுட்பத்துடன் அளந்தது. ஆனால் ஒரு விண்மீன் எத்திசையில், எவ்வளவு விரைவில் நகர்கிறது என்பதை அறிய இன்றைய இடம் மட்டும் போதுமா? நெடுங்காலத்துக்கு முன் அது எங்கிருந்தது என்பதும் வேண்டும். அதனை அறிவிக்க உலகில் ஒன்றே ஒன்றுதான் விரிவாக இருந்தது: இகழப்பட்ட அந்த எண் தொகுதிகள். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தார் எல்லா நிலையங்களின் அச்சுத் தொகுதிகளிலுமிருந்த எண்களைக் கணிப்பொறிக்கு ஏற்றி, ஹிப்பார்க்கஸின் துணையுடன் திருத்தி, 1990-களின் இறுதியில் 46 இலட்சம் விண்மீன்களின் பழைய இடங்களைக் கொண்ட பட்டியலாக வெளியிட்டனர். 2000-இல் வந்த டைக்கோ-2 பட்டியலில் 25 இலட்சம் விண்மீன்களின் நகர்வு கணிக்கப்பட்டதற்கு அதுவே பெரிதும் அடிப்படை. பேகம்பேட்டையில் அளந்தெழுதியோருள் பெரும்பாலோர் அன்று உயிருடன் இருந்திருக்கமாட்டார்கள். அவர்கள் எழுதிய எண்கள் வேலை செய்தன.

நிஜாமியாவின் விளைவு எண்களோடு நிற்கவில்லை. அங்கே உதவியாளராகப் பணியாற்றிய ஒருவரின் மகன், தந்தையுடன் வந்து கருவிகளுக்கிடையே வளர்ந்தார். அவரே வேணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்து, நிஜாம் கல்லூரியில் பயின்று, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குச் சென்றார். 1949 ஜூலையில் தாம் எடுத்த தகடொன்றில் ஒரு வால்மீனைக் கண்டார். இருவர் பெயரோடு சேர்ந்து அவர் பெயரும் அதற்கு இடப்பட்டது. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்றார். கொடைக்கானல் சூரியனுக்கு ஏற்ற இடம். இரவு வானுக்கு வேறிடம் தேடினார். வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரை 1960-களில் தெரிந்தெடுத்தார். அங்கே 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் காண அவர் இருக்கவில்லை, 1982-இல் மறைந்தார். 1986 ஜனவரியில் அது அவர் பெயரால் திறக்கப்பட்டது. 1988-இல் அங்குள்ள வேறொரு கருவியின் படத்தில் ஆர். ராஜமோகன் குழுவினர் கண்ட சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பெற்றது.

காவலூரைத் தேடச் செய்த காரணமே நிஜாமியாவையும் பேகம்பேட்டையிலிருந்து பெயர்த்தது. நகரம் வளர்ந்தது, விளக்குகள் பெருகின, தகட்டில் வான்முகிலுக்கு முன் தெருவிளக்கின் சாம்பல்நிறம் படிந்தது. டாக்டர் அக்பர் அலி இயக்குநராயிருந்த காலத்தில் முயன்று தேடிய 48 அங்குலத் தொலைநோக்கி, நகருக்கு வெளியே ரங்காப்பூரில் 1968-இல் நிறுவப்பட்டது. பின்னர் இந்திய வானியலார் இருளைத் தேடி லடாக்கின் ஹான்லே வரை ஏறினர். பெரிய கருவிகளை மலைக்கு ஏற்றலாம். ஊரிலுள்ள குழந்தைகளை எங்கே ஏற்றுவது?

இன்று கண்ணாடித் தகடு வழக்கொழிந்தது. தன்மீது விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு போலவே தகடு பதிவு செய்யும். 1980-களில் பரவிய சிலிக்கான் சில்லு நூற்றில் எண்பதுக்கு மேல் பதிவு செய்ய வல்லது. அதனால் ஒருகாலத்தில் பாரிஸ் வானாய்வகத்துக்கே கிட்டிய ஸுரையாவின் முகில், இன்று பூமியின் சுழற்சிக்கேற்பத் திருப்பும் சிறு பொறியும் நல்ல கேமராவும் உடைய எந்த இளைஞருக்கும் கிட்டுகிறது. குறுகிய நேரப் படங்கள் நூறு எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். உண்டியல் மாறியதேயன்றிக் காசு சேர்க்கும் முறை மாறவில்லை. அவருக்கு வேண்டுவன மூன்று: மேகமற்ற இரவு, நிலவற்ற நேரம், இருண்ட ஊர். முதலிரண்டும் பஞ்சாங்கத்திலும் பருவத்திலும் கிட்டும்.

பெருநகர விளக்குகளுக்குச் சற்று எட்டி நிற்கும் குளத்தூர்ப் பகுதிக்கு மூன்றாவது இன்னும் ஓரளவு வாய்த்துள்ளது. தை மாத முன்னிரவில், இஷாத் தொழுகை முடிந்து வெளியே வருவோர் தலையை நிமிர்த்தினால், ஏறத்தாழ உச்சியில் சற்று வடக்கே ஸுரையா நிற்கும். கீழ்வானில் மேலேறி வரும் ஒளிமிக்க மீன், திருமறையிலும் பெயர் சுட்டப்பட்ட ஷிஃரா. மேலை நாட்டார் சிரியஸ் என்பர். இரவு ஏறி, அது தென்வானில் உயர்ந்தபின், அதற்கு நான்கு பாகை தெற்கே பார்வையைச் செலுத்தினால் ஒரு மங்கலான திட்டு தெரியும். சாதாரண இருகுழல் தொலைநோக்கியில் அது பல மீன்களாகப் பிரியும். மெஸ்ஸியே பட்டியலில் 41-ஆம் எண் பெற்ற விண்மீன் கொத்து அது. அது இருப்பது தெற்கே 20 பாகை 45 கலையில். நிஜாமியாவின் தென்பட்டைக்கு ஏறத்தாழ நடுவில்.